மான் வேட்டை வில்லுக்கு எந்த சைட், என்னென்ன துணைக்கருவிகள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வில் வேட்டை என்றால் பெரும்பாலும் வெள்ளைவால் மான், மரத்தில் கட்டிய பரண், கையில் காம்பவுண்ட் வில் (முனைச் சக்கரங்களின் உதவியால் இழுக்கும் நவீன வில்). மிச்சிகனில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்குகிறது. நவம்பர் 15 அன்று துப்பாக்கிப் பருவம் வரும். வில் பருவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் வில் கடைக்குப் போய், சுவர் முழுக்கத் தொங்கும் சைட்களை, அதாவது வில்லில் மாட்டும் குறிபார்க்கும் கருவிகளை, பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. பதில்கள் அந்த மாதிரி வேட்டையை, அதாவது 40 கஜத்துக்குள் பரணிலிருந்து எய்வதை, மனதில் வைத்துச் சொன்னவை. மேற்கு மாநில மலைகளில் எல்க் என்ற பெரிய மான் வகையைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில இடங்களில் பதில் மாறும், அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கையில் இருக்கும் காசு கொஞ்சம். முதலில் எதில் போடலாம்?

முதலில் ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கைக்கருவி), அடுத்து ரெஸ்ட் (வில்லில் அம்பைத் தாங்கும் பாகம்), மூன்றாவதாகத்தான் சைட். கடையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும், ஏனென்றால் கண்ணைப் பறிப்பது சைட்தான். ஆனால் சைட் செய்வது ஒரே வேலை: எங்கே குறி வைக்கிறீர்கள் என்று காட்டுவது. அம்பை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது நாணை விடுவிக்கும் கையும் அம்பைத் தாங்கும் ரெஸ்டும். 20 கஜத்தில் உங்கள் அம்புகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகின்றன என்றால், 400 டாலர் சைட் அந்தச் சிதறலின் நடுப்புள்ளியைத் துல்லியமாகக் காட்டும். வேறொன்றும் நடக்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: வில்லின் இழுப்பு நீளம், அதாவது நாண் முழுக்க இழுபடும் தூரம், உங்கள் கைக்குச் சரியாக இருக்க வேண்டும். அரை அங்குலம் கூடுதலாக இருந்தாலே முழங்கை விறைக்கும், தலை பின்னால் சாயும், பீப்பில் (நாணில் செருகிய, குறி பார்க்கும் சிறு வளையத்தில்) கண் உட்காராது. இதைச் சரிசெய்ய நல்ல கடையில் பத்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் துணைக்கருவி வாங்குவது வீண்.

சைட்டில் எத்தனை பின் வேண்டும்? மூன்றா, ஐந்தா, ஏழா?

பின் என்பது சைட்டுக்குள் இருக்கும், முனை ஒளிரும் சிறு ஊசி; ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு. பரணில் உட்காரும் மான் வேட்டைக்காரருக்கு மூன்று போதும். 20, 30, 40 கஜம். மரங்கள் அடர்ந்த காட்டில் 30 கஜத்துக்கு அப்பால் மானைப் பார்ப்பதே அரிது. பார்த்தாலும் நடுவே ஒரு கிளை இருக்கும்.

ஐந்து பின் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பார்கள். பயிற்சித் திடலில் ஒன்றும் கெடாது. அந்தி மங்கலில், இதயம் தடதடக்க, மான் நடந்துகொண்டிருக்கும்போது ஐந்து ஒளிப்புள்ளிகளில் எது முப்பது என்று தேடுவதுதான் சிக்கல். தப்பான பின்னை வைத்தால் எவ்வளவு விலகும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். அம்பின் வேகம் வினாடிக்கு 280 அடி என்று வையுங்கள். 40 கஜத்தில் நிற்கும் மானுக்கு 30-க்கான பின்னை வைத்து எய்தால் அம்பு ஏறத்தாழ 8 அங்குலம் கீழே போகும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதியே ஏறத்தாழ 8 அங்குல அகலம்தான். நடுவில் குறி வைத்தும் அம்பு வயிற்றுக்கு அடியில் போகும், அல்லது அதைவிட மோசமாக, காலில் படும்.

அதே அம்பு, மான் 35 கஜத்தில் நின்றால் மூன்று நான்கு அங்குலம்தான் தாழும். அதனால் 35-க்குத் தனிப் பின் தேவையில்லை; 30-ஐயும் 40-ஐயும் மானின் மேல் வைத்து, நடு இடைவெளியில் குறி பார்த்தால் போதும். பயிற்சியில் பழக வேண்டிய விஷயம் இது.

ஒற்றைப் பின் சைட் நல்லது என்கிறார்களே?

எனக்கும் அதுதான் பிடிக்கும், ஒரு நிபந்தனையோடு. சக்கரத்தைத் திருகி அந்த ஒரே பின்னை எந்தத் தூரத்துக்கும் நகர்த்தலாம். பார்வை வெறிச்சென்று சுத்தமாக இருக்கும். மானை எதுவும் மறைக்காது. குறை என்னவென்றால், தூரம் மாறும்போது கை திருக வேண்டும். 22 கஜத்தில் நின்ற மான் சற்று நடந்து 34-க்குப் போய்விட்டால், நீங்கள் நாணை முழுக்க இழுத்துப் பிடித்த நிலையில் சக்கரத்தைத் தொட முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. பின்னை 25 கஜத்தில் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். மேலே சொன்ன 280 அடி வேகத்தில், 20 கஜத்தில் அம்பு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மேலே படும், 30 கஜத்தில் இரண்டரை அங்குலம் கீழே படும். இரண்டுமே மானின் உயிர்நிலைக்குள்தான். ஆக 30 கஜம் வரை சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அதற்கு மேல் நிதானமாக நேரம் கிடைத்தால் மட்டும் திருகினால் போதும். உங்கள் அம்பு மெதுவானது என்றால் இந்த விலகல் கூடும், எய்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டும் கலந்த வகையும் உண்டு: மூன்றோ ஐந்தோ நிலையான பின்கள், கூடவே மொத்தத்தையும் நகர்த்தும் சக்கரம். எல்க் வேட்டைக்கும், விலங்கு வடிவ இலக்குகளை எய்யும் 3டி போட்டிகளுக்கும் அது பொருந்தும். வெறும் மானுக்கு அந்த எடையும் விலையும் தேவையா என்று யோசியுங்கள்.

பின்னின் தடிமன் .010, .019, .029 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஒளி இழையின் விட்டம், அங்குலத்தில். .019 பின் 40 கஜத்தில் முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடத்தை மறைக்கும்; .029 என்றால் ஒன்றேகால் அங்குலம். மான் வேட்டையில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய பின் மங்கலில் முதலில் மறைந்துபோகும் என்பதுதான் பொருட்டு. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பும், மறைந்த பின் அரை மணி வரையும் எய்யலாம். மான் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். .019 எடுங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, பின் பஞ்சுபோல மங்கித் தெரிகிறது என்றால் .029.

சிலருக்கு நேர்மாறான தொந்தரவு: நல்ல வெயிலில் பின் சூரியக்கதிர்போல் விரிந்து மினுங்கும். கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு இது அதிகம். ஒளி இழை சுருட்டப்பட்டிருக்கும் பகுதியில் கொஞ்சம் கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும். நிறத்தைப் பொறுத்தவரை பெரும்பாலோருக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும்.

பீப் எந்த அளவில் வாங்க வேண்டும்?

நாணின் இழைகளுக்கு நடுவே செருகும் சிறு வளையம் இது. துப்பாக்கியின் பின்குறி செய்யும் வேலையை இங்கே செய்கிறது. எட்டில் ஒரு பங்கு அங்குலம், பதினாறில் மூன்று பங்கு, கால் அங்குலம் ஆகியவை வழக்கமான துளை அளவுகள். துளை சிறிதானால் படம் கூர்மை, ஆனால் இருட்டு. எட்டில் ஒரு பங்கு பயிற்சித் திடலுக்கு. வேட்டைக்கு மற்ற இரண்டில் ஒன்று.

அந்த இரண்டில் எது என்பதைச் சைட்டின் வட்டக் கூடு தீர்மானிக்கும். இழுத்துப் பிடித்துப் பார்க்கும்போது பீப்பின் துளைக்குள் அந்த வட்டம் முழுதாக அடங்கி, சுற்றிலும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரிய வேண்டும். கோடு ஒரு பக்கம் தடித்தால் தலை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சைட்டை ஒரு கடையிலும் பீப்பை இணையத்திலும் வாங்கி, இரண்டும் பொருந்தாமல் தவிப்பவர்கள் பலர். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

உயரம் சரியா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, வழக்கமாகக் கை நிற்கும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் கண்ணைத் திறங்கள். பீப் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் பீப்பைத்தான் நகர்த்த வேண்டும், கழுத்தை அல்ல. இதைச் செய்யும்போது நாணில் அம்பு பூட்டி, எதிரே இலக்கு இருக்கட்டும். அம்பில்லாமல் நாணை விட்டால் லிம்ப் (வில்லின் வளையும் கை) உடையும், கேம் (முனைச் சக்கரம்) வளையும், முகத்திலும் அடிக்கலாம்.

தானே தூரம் அளந்து பின் காட்டும் டிஜிட்டல் சைட் வாங்கலாமா?

கார்மின் நிறுவனம் 2018-இல் ஸீரோ ஏ1 என்ற சைட்டைக் கொண்டுவந்தது. வில்லின் பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் லேசர் தூரத்தை அளக்கும், அந்தத் தூரத்துக்கான ஒளிப்புள்ளி கண்ணாடியில் தோன்றும். இழுத்துப் பிடித்தபடியே அளக்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. விலை ஆயிரம் டாலரை ஒட்டி அல்லது அதற்கு மேல்.

வாங்குவதற்கு முன் உங்கள் மாநில விதிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கொலராடோ போன்ற மேற்கு மாநிலங்களில் வில் பருவத்தில் வில்லில் மின்னணு சைட் மாட்டக் கூடாது. 1961-இல் தொடங்கப்பட்ட போப் அண்ட் யங் கிளப் வில்லால் எடுத்த பெரிய கொம்புகளைப் பதிவு செய்கிறது. ஒளிரும் நாக் எனப்படும், அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் விளக்குத் துண்டை 2014-இல் ஏற்றுக்கொண்டார்கள், தூரம் அளக்கும் சைட்டை அல்ல. சைட்டில் திருகும் சிறு பேட்டரி விளக்குக்கும் இதே எச்சரிக்கை: விதியில் அதுவும் அடங்குகிறதா என்று பாருங்கள்.

சட்டம் அனுமதித்தாலும், பரணில் உட்காருபவருக்கு இது அதிகப்படி என்பது என் கருத்து. காலையில் உட்கார்ந்ததும் சுற்றியுள்ள நாலைந்து மரங்களின் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டால், மான் வரும்போது அளக்க எதுவும் மிச்சமிருக்காது.

அப்படியானால் தனி ரேஞ்ச்ஃபைண்டர் அவசியமா? சரிவுக் கோணத்தைக் கணக்கிடும் வசதி வேண்டுமா?

தூரம் அளக்கும் இந்தக் கைக்கருவி அவசியம். கோண வசதிக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வேட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. 20 அடி உயரப் பரணிலிருந்து 20 கஜம் தள்ளி நிற்கும் மானைப் பார்த்தால் கருவி 21 கஜம் காட்டும். ஒரு கஜ வித்தியாசம், விட்டுவிடலாம். மலைச்சரிவில் 30 டிகிரி கீழ்நோக்கி, கருவியில் 40 கஜம் காட்டும் விலங்குக்கு, நீங்கள் எய்ய வேண்டிய தூரம் 35-க்கும் சற்றுக் குறைவு. அங்கே இந்த வசதி காப்பாற்றும்.

பரணிலிருந்து எய்பவர்களின் அம்பு மேலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் கோணக் கணக்கு அல்ல, உடம்பு. கையை மட்டும் தாழ்த்துகிறார்கள். இடுப்பில் மடங்க வேண்டும். மேலுடம்பும் கையும் சமதரையில் எய்யும்போது இருந்த அதே கோணத்தில் இருக்கட்டும்.

சைட்டில் இருக்கும் நீர்மட்டக் குமிழி எதற்கு? யாராவது அதைப் பார்க்கிறார்களா?

பார்க்க வேண்டும். வில் 3 டிகிரி சாய்ந்தால் 40 கஜத்தில் அம்பு ஏறத்தாழ 2 அங்குலம் பக்கவாட்டில் விலகும். சரிவில் நிற்கும்போது உடம்பு தானாகவே வில்லைச் சாய்த்துவிடும், அது நமக்குத் தெரியவே தெரியாது. விலை கூடிய சைட்களில் இரண்டாம், மூன்றாம் அச்சுத் திருத்தம் என்று இருக்கும். இரண்டாவது, குமிழி வில்லுக்குச் சரியாகப் படுத்திருக்கிறதா என்பது. மூன்றாவது, மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ எய்யும்போதும் குமிழி உண்மை சொல்கிறதா என்பது. மூன்றாவது மலைக்காரர்களுக்கு முக்கியம்; சமதரை மிச்சிகனில் இரண்டாவது போதும்.

எந்த ரெஸ்ட்? விஸ்கர் பிஸ்கட்டா, விழுந்துகொள்ளும் வகையா?

விஸ்கர் பிஸ்கட் என்பது விறைப்பான மயிர்கள் நிறைந்த ஒரு வட்டம். அம்பு நடுவே உட்காரும். அசையும் பாகமே கிடையாது, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு விழாது. அம்பின் இறகுகள் மயிரை உரசிக்கொண்டு போவதால் அவை நாளடைவில் கசங்கும், வேகம் துளி குறையும், உறைபனி மழையில் மயிர் கட்டிப்போகும். இவ்வளவுதான் குறை. முதல் வில்லுக்கு இதைவிட நிம்மதியான ரெஸ்ட் இல்லை.

விழும் வகை ரெஸ்ட், எய்யும் நொடியில் கீழே மடங்கி அம்பின் இறகுகளுக்கு வழிவிடும். கூர்முனை பொருத்திய அம்பு நேராகப் பறக்க இது உதவும். அதை வில்லின் கேபிளோடோ லிம்போடோ ஒரு மெல்லிய கயிறு இணைக்கும். அந்தக் கயிற்றின் முடிச்சு அரை அங்குலம் வழுக்கினாலே ரெஸ்ட் சரியான நேரத்தில் எழாது, அல்லது விழாது. கயிறு கேபிளைத் தொடும் இடத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; வழுக்கியிருந்தால் ஒரே பார்வையில் தெரியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பொருத்தும் முறை. புதிய வில்கள் பலவற்றில் ரைசரின் (பிடி உள்ள நடுப்பகுதியின்) பின்பக்கம் ரெஸ்டை நேரடியாகக் கவ்வும்படி செதுக்கியிருக்கும். அதற்கென்று வரும் ரெஸ்ட் பழைய வில்லில் மாட்டாது. பழைய வில்லுக்குப் பக்கவாட்டுத் துளையில் போல்ட்டால் முடுக்கும் வகையைக் கேளுங்கள்.

மணிக்கட்டு ரிலீஸா, கட்டைவிரல் ரிலீஸா?

மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்துவது பழக எளிது. கையை விட்டுப் போகாது, கையுறை போட்டாலும் ஓரளவு வேலை செய்யும். வெல்க்ரோ பட்டை வேண்டாம், பக்கிள் வைத்ததை வாங்குங்கள். நிசப்தமான விடிகாலையில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் அடுத்த காடு வரை கேட்கும்.

அதன் ஆபத்து, விரல் அவசரப்பட்டு வெடுக்கென்று தட்டிவிடுவது. பின் இலக்கைத் தொட்டதும் விரல் தானாக வேலை செய்யத் தொடங்கினால் அப்புறம் அந்தப் பழக்கத்தை விடுவது பெரும்பாடு. கட்டைவிரல் ரிலீஸில் முதுகுத் தசையால் இழுத்துக்கொண்டே போய் நாண் தானாக விடுபடும்படி எய்யப் பழகலாம், அந்த வெடுக் குறையும். ஆனால் கையில் பிடிப்பது என்பதால் பரணிலிருந்து தவறி விழும். ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும் பையில் இன்னொன்று இருக்கட்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஸ்டெபிலைசர் தேவையா?

வில்லின் முன்பக்கம் திருகும் தடி இது. 8 முதல் 10 அங்குலம், முனையில் எடை உள்ளது என்றால் வில்லின் ஆட்டம் குறையும். நாலு அங்குல ரப்பர் துண்டு பெரும்பாலும் அழகுக்குத்தான். 10 அங்குலத்தைவிட நீளமானது பரண் கம்பியில் இடிக்கும்.

அம்பறாத்தூணியை வில்லிலேயே மாட்டலாமா?

மாட்டலாம், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். பரணில் உட்கார்ந்ததும் கழற்றிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பயிற்சியிலும் அதே நிலையில் எய்யுங்கள்: வேட்டையில் கழற்றுவதானால் கழற்றி, மாட்டியிருப்பதானால் அம்புகளோடு மாட்டி. ஒரு பக்கம் எடை கூடினால் வில் அந்தப் பக்கம் சாயும், மேலே சொன்ன குமிழி அதைக் காட்டிக்கொடுக்கும். கூர்முனைகளை முழுக்க மூடும் குப்பி இல்லாத தூணியை வாங்கவே வேண்டாம்.

வில்லையும் தூணியையும் கையில் வைத்துக்கொண்டு மரம் ஏறாதீர்கள். முழு உடலையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையோடு ஏறி, அமர்ந்து, கயிற்றால் வில்லை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாணில் அம்பு பூட்டக் கூடாது.

புது சைட்டை எப்படிச் சரிப்படுத்துவது?

அம்பு போன பக்கமே பின்னை நகர்த்துங்கள். அம்பு இடப்பக்கம் பட்டால் பின் இடப்பக்கம், மேலே பட்டால் பின் மேலே. பலருக்கு இது எதிர்மாறாகத் தோன்றும். 20 கஜத்துக்கான மேல் பின்னில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். ஒரே அம்பை நம்பித் திருகாமல், மூன்று எய்து அவற்றின் நடுவைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வேட்டைக் கூர்முனைகளை மாட்டி மறுபடி எய்ய வேண்டும். பயிற்சி முனைக்கு வலப்பக்கம் கூர்முனை அம்பு படுகிறது என்றால் சைட்டைத் தொடாதீர்கள். ரெஸ்டை முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம் இடப்பக்கம் நகர்த்துங்கள். சைட்டை நகர்த்தினால் ஒன்று சரியாகும், மற்றது கெடும். மிச்சிகனில் மானுக்குப் பயன்படுத்தும் கூர்முனை எட்டில் ஏழு பங்கு அங்குலத்துக்குக் குறையாத அகலம் இருக்க வேண்டும் என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

கடைசியில் திருகுகளில் நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு சூடாக்காமல் கழற்றுவது கடினம்.

எல்லாம் பொருத்தியே விற்கும் வேட்டைத் தயார் வில் வாங்கலாமா?

தாராளமாக. மூன்று பின் சைட், பிஸ்கட் வகை ரெஸ்ட், தூணி, சின்ன ஸ்டெபிலைசர் என்று வரும். இரண்டு பருவம் அதில் எய்யுங்கள். எது உங்களுக்குத் தொந்தரவு செய்கிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். ரிலீஸ் பெரும்பாலும் சேர்ந்து வராது, தனியாக வாங்க வேண்டும். போகிற போக்கில் ஒன்று: வில்லுக்கும் அதில் மாட்டும் பாகங்களுக்கும் உள்ள 11 சதவீதக் கூட்டாட்சி வரி மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது.

இந்த சைட்டை ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டிகளில் பயன்படுத்தலாமா?

இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. போட்டி வில்வித்தை வேறு விஷயம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவில் ஜோதி சுரேகா வென்னம் மூன்று தங்கம் வென்றார். ஆனால் அந்தக் களத்தில் மாட்டுவது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்த ஒற்றைப் புள்ளி சைட், நீண்ட ஸ்டெபிலைசர்கள், சின்னத் துளைப் பீப். 50 மீட்டரில் அசையாத இலக்கு, நல்ல வெளிச்சம். வேட்டை சைட்டை அங்கே கொண்டுபோனால் பழகலாம், போட்டி போட முடியாது.